திபெத்திய உருண்டை முடக்குவாதத்துக்குக் கேட்குமா?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கும் கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். அம்மாவுக்கு 57 வயது. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். ஓராண்டுக்கு முன்பு முடக்குவாதம், அதாவது மூட்டுகள் வீங்கி விறைக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், என்று உறுதி செய்து, வாரம் ஒருமுறை சாப்பிட மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். வீக்கம் பாதிதான் வடிந்திருக்கிறது. மாத்திரை சாப்பிட்ட மறுநாளெல்லாம் குமட்டுகிறது. இந்த நிலையில், தரம்சாலாவுக்குப் போய் வந்த குடும்ப நண்பர் ஒருவர் திபெத்திய மூலிகை உருண்டைகளை மூன்று பொட்டலங்களாகக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். "ஆயிரம் ஆண்டாக மனிதர்கள் சாப்பிட்ட மருந்துக்கு இனிமேல் என்ன சோதனை?" என்கிறார் சித்தப்பா. மருத்துவரோ பொட்டலத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டாராம். யார் பேச்சைக் கேட்பது?

முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்தாதீர்கள். உருண்டையை இப்போது கொடுக்காதீர்கள். ஆனால் இதற்கு நான் சொல்லும் காரணம் மருத்துவர் சொன்ன அந்த ஒற்றைச் சொல்லோடு முடிவதில்லை. சித்தப்பா நம்பிக்கையால் கதவை மூடுகிறார், மருத்துவர் அவசரத்தால் மூடுகிறார். இடையில் உங்கள் அம்மா காலையில் விரலை மடக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு இரண்டு பேரும் ஒரு பதில் கடன்பட்டிருக்கிறார்கள்.

நான் பினாங்கில் இருபத்தைந்து ஆண்டுகள் மருந்தாளராக இருந்தவன். அதில் கடைசி ஒன்பது ஆண்டுகள் மருந்துச் சோதனைகளில் கலந்துகொள்ளும் நோயாளிகளுக்கு மருந்தை எண்ணிக் கொடுத்து, மீதியைத் திரும்ப வாங்கி எண்ணிக் கணக்கு வைக்கும் வேலை. ஒரு மருந்தை "சோதிப்பது" என்றால் நாள்தோறும் என்ன நடக்கிறது என்பதை அந்த மேசையில்தான் கற்றுக்கொண்டேன்.

திபெத்திய மருத்துவத்தை அவர்கள் 'சோவா ரிக்பா' என்கிறார்கள். குணப்படுத்தும் அறிவு என்று பொருள். அதன் அடிப்படை நூலான 'கியூ ஷி', அதாவது நான்கு தந்திரங்கள், 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த யூதோக் யோந்தன் கோன்போவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. நமக்கு இது அந்நிய மருத்துவம் இல்லை. வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம் 11ஆம் நூற்றாண்டிலேயே திபெத்திய மொழிக்குப் போய்விட்டது. நம்முடைய வளி, அழல், ஐயம் (வாதம், பித்தம், கபம்) அங்கே லுங், திரிபா, பேக்கன் என்று நிற்கின்றன. நம் திரிபலாவின் கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் அங்கே அரூரா, பரூரா, க்யூரூரா. அவர்கள் வணங்கும் மருத்துவ புத்தரின் கையில் இருப்பதே கடுக்காய்தான். லாசாவில் 1916இல் தொடங்கிய மருத்துவ, சோதிட நிலையம் 1961இல் தரம்சாலாவில் மறுபடியும் உயிர்பெற்றது. இந்திய அரசு 2010இல் சட்டத்தைத் திருத்தி, சோவா ரிக்பாவை ஆயுர்வேதம், சித்தம், யுனானி ஆகியவற்றின் வரிசையில் சேர்த்துக்கொண்டது. ஆகவே சித்தப்பா இதைத் தெருவோர லேகியம் என்று நினைக்காததில் நியாயம் இருக்கிறது.

ஆயிரம் ஆண்டு அனுபவம் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதில்தான் அவரோடு எனக்கு வேறுபாடு. சாப்பிட்ட அரை மணி நேரத்தில் வாந்தி எடுக்க வைக்கும் வேரை அனுபவம் கண்டுபிடித்துவிடும். பேதியை நிறுத்தும் பட்டையையும் கண்டுபிடித்துவிடும். காரணமும் விளைவும் ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் வைத்தியர் கண்ணுக்கு அவை தப்புவதில்லை. முடக்குவாதம் அப்படிப்பட்ட நோய் இல்லை. அது ஏறும், இறங்கும். சில வாரம் விரலெல்லாம் கொழுக்கட்டை போல வீங்கும், பிறகு தானாகவே கொஞ்சம் தணியும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் யாரும் புது வைத்தியரைத் தேடிப் போவார்கள். உச்சத்துக்குப் பிறகு இறக்கம்தானே வர வேண்டும்? அந்த இறக்கத்தின் பெருமை கையில் இருக்கும் மருந்துக்குப் போய்விடுகிறது. தலைமுறை தலைமுறையாக இதே கதை நடந்தாலும் ஒருவருக்கும் ஐயம் வராது.

இன்னொன்றும் இருக்கிறது. அமெரிக்காவில் முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்கு குளுக்கோசமைன் உதவுகிறதா என்று பார்க்க 1,583 பேரை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்து, 2006இல் முடிவு வெளிவந்தது. வலி ஐந்தில் ஒரு பங்காவது குறைந்தால் பலன் என்று கணக்கு. குளுக்கோசமைன் சாப்பிட்டவர்களில் 64 விழுக்காட்டினருக்குப் பலன் கிடைத்தது. இதை மட்டும் கேட்டால் யாரும் கடைக்கு ஓடுவார்கள். ஆனால் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலும் 60.1 விழுக்காட்டினருக்கு அதே பலன்! பக்கத்தில் வெற்று மாத்திரைக் குழு ஒன்று இல்லாமல் இருந்திருந்தால், நூற்றுக்கு அறுபத்து நான்கு பேரைக் குணப்படுத்தும் மருந்து என்று உலகம் முழுவதும் பேசியிருக்கும். நண்பர் உங்களிடம் "எனக்குத் தெரிந்த பத்துப் பேரில் ஆறு பேருக்குக் கேட்டது" என்று சொன்னால் இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் பொய் சொல்லவில்லை. அந்த ஆறு பேருக்கும் உண்மையாகவே வலி குறைந்திருக்கும்.

இனி உங்கள் மேசையில் இருக்கும் பொட்டலத்துக்கு வருகிறேன். ஒரு மருந்தைச் சோதிக்க வேண்டுமானால் முதல் கேள்வி "கேட்குமா" என்பதில்லை. "உள்ளே என்ன இருக்கிறது" என்பது. பார்ப்பதற்கு எளிய கேள்வி. திபெத்திய மருந்தைப் பொறுத்தவரை ஆளை மலைக்க வைக்கும் கேள்வி இதுதான்.

மூட்டுநோயில் 'சூ செர்' என்கிற மஞ்சள் நீர் கெட்டுப்போய் மூட்டுகளில் தேங்குகிறது என்பது அவர்கள் கருத்து. அதை வற்றவைக்க மூன்று சரக்குகள் சேர்ந்த ஒரு கூட்டு உண்டு. ஒன்று, அவர்கள் மொழியில் வெள்ளைப் பிசின். இரண்டாவது தகரை விதை, நம் ஊர்ப் புறம்போக்கில் மண்டிக் கிடக்கும் அதே தகரைச் செடியின் விதை. மூன்றாவது 'சோமராஜா' என்கிற விதை. இப்போது சிக்கலைப் பாருங்கள். வெள்ளைப் பிசின் என்பது ஒரு நூலில் சால மரத்துக் குங்கிலியம், இன்னொரு நூலில் பரங்கிச்சாம்பிராணி. இரண்டும் வேறு வேறு மரங்கள், வேறு வேறு வேதிப்பொருள்கள். சோமராஜா என்பது ஓரிடத்தில் கஸ்தூரி வெண்டை விதை, வேறோரிடத்தில் கஞ்சா விதை. மலேசியாவில் உட்கார்ந்துகொண்டு இந்த வேறுபாட்டைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள யாராலும் முடியாது. ஒரே பெயர், ஒரே நூல், ஒரே நோய். ஆனால் செய்யும் மலைக்கும் செய்யும் கைக்கும் ஏற்ப உருண்டை மாறிவிடுகிறது.

சரக்குக் கிடைக்காதபோது மாற்றுச் சரக்குப் போடுவதும் அந்த மரபில் ஒப்புக்கொள்ளப்பட்ட வழக்கம். உயரமான மலையில் வளரும் செடிகள் அருகி வருகின்றன. திபெத்தியரும் நம் சித்த வைத்தியரும் ஒருசேர விரும்பும் கோஷ்டம் என்கிற வேர்ச்சரக்கு, அழிந்துவரும் உயிரினங்களுக்கான பன்னாட்டு ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. ஆக, 1997இல் ஒருவருக்குக் கேட்ட உருண்டையும் இன்று உங்கள் கையில் இருக்கும் உருண்டையும் பெயரளவில் மட்டும் ஒன்றாக இருக்கக்கூடும். இதனால்தான் சோதனைக்கு முன் ஒவ்வொரு சரக்கையும் தாவரவியலாளர் அடையாளம் காண வேண்டும், ஒரு மாதிரியை உலர்த்திப் பாதுகாக்க வேண்டும், வேதியியல் கூடத்தில் அதன் கைரேகை போன்ற ஒரு பதிவை எடுக்க வேண்டும். சோதனை முழுவதற்கும் ஒரே தொகுப்பில் செய்த உருண்டைகளையே பயன்படுத்த வேண்டும். இந்த வேலைகளைச் செய்யாமல் நோயாளிகளைத் திரட்டினால், எதைச் சோதித்தோம் என்று கடைசியில் சொல்லவே முடியாது.

அடுத்தது உலோகம். 'ரின்சென் ரில்பு' என்கிற விலைமதிப்புள்ள உருண்டைகள் திபெத்திய மருத்துவத்தின் பெருமை. பட்டுத்துணியில் தனித்தனியாகக் கட்டி அரக்கு முத்திரை வைப்பது பழைய வழக்கம். இரவில் நொறுக்கி வெந்நீரில் ஊறப்போட்டு, மூடி வைத்து, விடியலுக்கு முன் குடிக்கச் சொல்வார்கள். இவற்றில் பலவற்றில் 'சோத்தெல்' என்கிற, பல நாள் புடமிட்டுப் பக்குவப்படுத்திய பாதரசச் சேர்மம் இருக்கிறது. நம் சித்த மருத்துவத்தின் ரசபற்பம், செந்தூரங்களுக்கு உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்குவப்படுத்தினால் நஞ்சு போய்விடும் என்பது இரண்டு மரபிலும் உள்ள நம்பிக்கை. கந்தகத்தோடு கட்டுண்ட பாதரசம் தண்ணீரில் எளிதில் கரையாது என்பது உண்மைதான். ஆனால் மலேசியாவில் பாரம்பரிய மருந்தொன்றைப் பதிவு செய்ய, ஒரு கிலோவில் பாதரசம் 0.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, ஈயம் 10, ஆர்சனிக் 5, காட்மியம் 0.3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. ஒரு கிராம் எடையுள்ள உருண்டையில் ஒரே ஒரு மில்லிகிராம் பாதரசம் இருந்தாலும் அது கிலோவுக்கு 1,000 மில்லிகிராம் ஆகிறது. அனுமதித்த அளவைப்போல் இரண்டாயிரம் மடங்கு.

உங்கள் அம்மாவுக்கு இது ஏன் இன்னும் முக்கியம் என்றால், மெத்தோட்ரெக்ஸேட் உடலை விட்டு வெளியேறுவது பெரும்பாலும் சிறுநீரகம் வழியாக. பாதரசம் முதலில் கெடுக்கும் உறுப்புகளில் ஒன்று அதே சிறுநீரகம். சிறுநீரகம் தளர்ந்தால் மெத்தோட்ரெக்ஸேட் உடலிலேயே தங்கி, எலும்பு மஜ்ஜையைத் தாக்கி, இரத்த அணுக்களைக் குறைத்துவிடும். உருண்டை ஒரு தப்பும் மாத்திரை ஒரு தப்பும் செய்யாமலே இரண்டும் சேர்ந்து ஆளைச் சாய்க்கலாம். பொட்டலத்தில் இருப்பது இந்த ரின்சென் ரில்பு வகை உருண்டையாக இருந்தால், அதைப் பற்றிப் பேச்சே வேண்டாம், எடுத்து வைத்துவிடுங்கள்.

உலோகம் இல்லாத வெறும் மூலிகை உருண்டை என்றாலும் பார்க்க வேண்டியவை உண்டு. திபெத்திய மூட்டு மருந்துகளில் சேரும் சீந்தில் கொடி நமக்கும் பழக்கமானது. கோவிட் காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கு என்று அதை நாள்தோறும் குடித்த சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள். இந்திய அரசின் ஆயுஷ் துறை அந்த முடிவை மறுத்தது. நான் பார்க்கும் கோணம் வேறு. சீந்தில் நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுகிறது என்று சொல்லித்தான் விற்கிறார்கள். முடக்குவாதம் என்பதே எதிர்ப்புச் சக்தி தன் சொந்த மூட்டைத் தாக்கும் நோய். மெத்தோட்ரெக்ஸேட்டும் கல்லீரலைப் பாதிக்கக்கூடிய மருந்து. இந்த மூன்றையும் ஒரே உடலில் சேர்ப்பதற்கு முன் கேள்வி கேட்க வேண்டாமா?

இங்கே ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மையார், தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், மூட்டுவலிக்கு ஏதோ மூலிகை மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு என் மேசைக்கு வந்தார். "இரண்டே நாளில் எழுந்து நடந்தேன், ஐயா" என்றார். அவர் முகம் முழு நிலவு போல உருண்டிருந்தது. கன்னம் சிவந்து, கழுத்தின் பின்புறம் சதை திரண்டிருந்தது. கையைத் தொட்டால் தோல் காகிதம் போல் இருந்தது, லேசாக அழுத்தியதற்கே நீலம் பூத்தது. பார்த்தவுடன் தெரிந்துவிட்டது, அந்த மாத்திரையில் மூலிகையோடு ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. நம் நாட்டுச் சுகாதார அமைச்சு மூட்டுவலிக்கு விற்கும் ஜாமு, மாஜுன் என்கிற மரபு மருந்து வகைகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைக் கண்டுபிடித்து ஆண்டுதோறும் எச்சரித்து வருகிறது. மூலிகை அவ்வளவு வேகமாக வேலை செய்யாது. ஓரிரு நாளில் வீக்கம் வடிந்து பசி எடுத்தால், மகிழ்வதற்கு முன் பயப்படுங்கள். அப்படிப்பட்ட மாத்திரையைச் சில வாரம் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. உடல் தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு நின்றுபோயிருக்கும். மாத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தரம்சாலாவில் முறையாகச் செய்த உருண்டையில் இந்தக் கலப்படம் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. நண்பர் அதை எந்தக் கடையில் வாங்கினார் என்று நீங்கள் எழுதவில்லை. அதனால் சொல்கிறேன்.

சரி, உள்ளே இருப்பது தெரிந்துவிட்டது, தூய்மையாகவும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்குமா என்று எப்படிப் பார்ப்பது?

"திபெத்திய வைத்தியர் ஆளுக்கு ஆள் நாடி பார்த்து வேறு வேறு உருண்டை கொடுக்கிறார், காலைக்கு ஒன்று, நண்பகலுக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று, இதை எப்படி உங்கள் ஆங்கில முறையில் சோதிப்பீர்கள்?" என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இதற்கு விடை அமெரிக்காவிலிருந்து வரவில்லை, கோயம்புத்தூரிலிருந்து வந்தது. அங்குள்ள ஓர் ஆயுர்வேத ஆய்வு நிலையத்தின் வைத்தியர்களும் அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர்களும் சேர்ந்து முடக்குவாதக்காரர்கள் 43 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மெத்தோட்ரெக்ஸேட்டும் வெற்று ஆயுர்வேத மருந்தும். இன்னொரு குழுவுக்கு உண்மையான ஆயுர்வேத மருந்தும் வெற்று மெத்தோட்ரெக்ஸேட்டும். மூன்றாவது குழுவுக்கு இரண்டும் உண்மையானவை. வைத்தியர் வழக்கம்போல் ஆளைப் பார்த்து, தனக்குச் சரி என்று பட்ட மருந்தை எழுதலாம். ஆனால் நோயாளி கைக்குப் போவது உண்மையானதா வெற்றா என்பது வைத்தியருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. வைத்தியத்தின் இயல்பும் கெடவில்லை, சோதனையின் கறாரும் கெடவில்லை. 36 வாரம் நடந்தது, 2011இல் வெளியானது. மூன்று குழுவும் தேறியது. மூன்றுக்கும் இடையில் புள்ளியியல் கணக்கில் நிற்கக்கூடிய வேறுபாடு தெரியவில்லை. பக்கவிளைவுகள் ஆயுர்வேதம் மட்டும் எடுத்தவர்களிடம் எண்ணிக்கையில் குறைவாக இருந்தன.

இதைக் கேட்டவுடன் சித்தப்பா துள்ளுவார். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். 43 பேர் என்பது மூன்றாகப் பிரித்தால் குழுவுக்குச் சராசரியாகப் பதினைந்து பேர்கூட இல்லை. அத்தனை சிறிய கூட்டத்தில் வேறுபாடு தெரியவில்லை என்றால் இரண்டும் சமம் என்று பொருள் ஆகாது. எல்லாருக்கும் ஏதோ ஒரு மருந்து கிடைத்ததால், வெற்று மருந்து மட்டும் பெற்றவர்கள் எப்படி இருந்திருப்பார்கள் என்றும் தெரியாது. ஆய்வாளர்களே இதை முன்னோட்டம் என்றுதான் அழைத்தார்கள். ஆனாலும் நான் இதை மிகவும் மதிக்கிறேன். மரபு மருத்துவத்தைச் சோதிக்க முடியாது என்ற சாக்கை அது எடுத்துவிட்டது. திபெத்திய மருந்துக்கும் இதே வழி திறந்திருக்கிறது. கடினமான வேலை ஒன்று உண்டு, உண்மை உருண்டையைப் போலவே கறுத்து, கசந்து, நாறும் வெற்று உருண்டையைச் செய்வது. நாக்கில் வைத்தவுடன் நோயாளி கண்டுபிடித்துவிட்டால் எல்லாம் வீண். ஐந்தமுத வெந்நீர்க் குளியல் என்று சோவா ரிக்பாவில் ஒன்று இருக்கிறது, மூட்டுநோய்க்குப் பேர்போனது, 2018இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. வெற்றுக் குளியலை யார் செய்து காட்டுவது என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பலன் வந்ததா என்று அளக்கும் வேலையைப் பார்த்தால் உங்களுக்கே இதன்மேல் மரியாதை வரும். மருத்துவர் 28 மூட்டுகளை வரிசையாகத் தொடுவார். இரண்டு தோள், இரண்டு முழங்கை, இரண்டு மணிக்கட்டு, விரல் அடி மூட்டுகள் பத்து, விரல் நடு மூட்டுகள் பத்து, இரண்டு முழங்கால். ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்துவார், தன் நகத்தின் அடிச்சதை வெளுக்கும் அளவுக்கு மட்டும். அதற்குமேல் அழுத்தினால் நல்ல மூட்டும் வலிக்கும், குறைத்தால் கெட்ட மூட்டும் தப்பிவிடும். நோயாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வலிக்கும் மூட்டு எத்தனை, வீங்கிய மூட்டு எத்தனை என்று எண்ணுவார். பிறகு இரத்தத்தில் அழற்சியின் அளவு, காலையில் விறைப்பு எத்தனை நிமிடம், சட்டைப் பொத்தான் போட முடிகிறதா. பழைய காலத்தில் கைப்பிடியின் வலுவைப் பார்க்க ஒரு நல்ல உபாயம் வைத்திருந்தார்கள். இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் துணிப்பையைச் சுருட்டி, 20 மில்லிமீட்டர் வரை காற்றடித்து, நோயாளியை முழு பலத்தோடு பிழியச் சொல்வது. முள் எவ்வளவு ஏறுகிறது என்று மூன்று முறை பார்த்துச் சராசரி எடுப்பது. முதல் நாள் முள்ளை நகர்த்தவே முடியாமல் அழுத ஒருவர், மூன்றாம் மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு அதை மேலே மேலே ஏற்றுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஏற்றத்துக்கு எந்த மாத்திரை காரணம் என்று அன்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஆனால் கடைசியில், யாருக்கு எந்த மருந்து என்று எழுதி மூடி வைத்த உறையைப் பிரிக்கும்போது தெரிந்துவிடும், அதில் பேச்சுக்கே இடமிருக்காது.

மூலிகையால் முடக்குவாதம் அடங்கவே அடங்காது என்று நினைக்கும் மருத்துவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சீனத்தில் இடித்தேவன் கொடி என்று பொருள்படும் பெயருடைய ஒரு கொடி இருக்கிறது. அதன் வேரிலிருந்து எடுத்த சாற்றை அமெரிக்காவில் 121 பேரிடம் சல்ஃபாசலசீன் என்கிற வழக்கமான முடக்குவாத மருந்தோடு ஒப்பிட்டு 2009இல் வெளியிட்டார்கள். 24 வாரம் மருந்தைத் தொடர்ந்தவர்களில் கொடியின் சாறு எடுத்தோர் 65 விழுக்காட்டினருக்கும், சல்ஃபாசலசீன் எடுத்தோர் 33 விழுக்காட்டினருக்கும் பலன். பாதியிலேயே நின்றவர்கள் இரண்டு பக்கமும் நிறையப் பேர் என்பதையும் சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும். பிறகு சீனாவில் 207 பேரிடம் நடந்து 2014இல் வந்த சோதனையில், நோய் பாதிக்குப் பாதி தணிந்தவர்கள் மெத்தோட்ரெக்ஸேட்டில் 46 விழுக்காடு, கொடியில் 55, இரண்டும் சேர்ந்தபோது 77. இது சாதாரண வெற்றி இல்லை. ஆனால் அதே கொடி பெண்களுக்கு மாதவிடாயை நிறுத்துகிறது, ஆண்களின் விந்தணுவைக் குறைக்கிறது. அதன் இலையும் பூவும் கொடிய நஞ்சு. நோயை அடக்கும் வலு உள்ள செடிக்கு உடலைக் கெடுக்கும் வலுவும் இருந்தது. இரண்டையும் அளந்து சொன்னது சோதனைதான்.

திபெத்தியக் கூட்டு மருந்து ஒன்று மேற்கு நாட்டுச் சோதனையைத் தாண்டியதும் உண்டு. சுவிட்சர்லாந்தில் 'பத்மா 28' என்ற பெயரில் விற்கிறார்கள். கற்பூரம் சேர்ந்த பழைய திபெத்தியக் கூட்டு ஒன்றிலிருந்து வந்தது. கடுக்காய், வில்வம், வேம்பு, ஏலம், கோஷ்டம் என்று பட்டியல் நம் நாட்டு மருந்துக்கடைப் பெட்டிகளைத் திறந்தது போலவே இருக்கும். கால் இரத்தக் குழாய் அடைத்து நடக்கும்போது கெண்டைச்சதை பிடித்துக்கொள்ளும் நோய்க்கு டென்மார்க்கில் 36 பேரை வைத்து, இரு பக்கமும் அறியா முறையில் நான்கு மாதம் சோதித்து 1993இல் வெளியிட்டார்கள்; மருந்து எடுத்தவர்கள் நடக்கக்கூடிய தூரம் கணிசமாகக் கூடியது. முடக்குவாதத்துக்கு அது மருந்து என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது. கால் குழாய்க்குச் சோதித்தது கால் குழாய்க்குத்தான்.

இப்போது அம்மாவின் மருத்துவத்துக்கு வருகிறேன், இது அவசரம். முடக்குவாதம் எலும்பை அரிப்பது பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளிலேயே தொடங்கிவிடுகிறது. அரித்த எலும்பு திரும்ப வளராது. மூன்று மாதத்தில் தேறுதல் தெரிய வேண்டும், ஆறு மாதத்தில் நோய் அடங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் சிகிச்சையை மாற்ற வேண்டும் என்பது இன்று உலகெங்கும் மூட்டுநோய் மருத்துவர்கள் கடைப்பிடிக்கும் கணக்கு. உங்கள் அம்மாவுக்கு ஓராண்டு ஓடிவிட்டது, வீக்கம் பாதிதான் வடிந்திருக்கிறது. ஆகவே உருண்டை வேண்டுமா வேண்டாமா என்பதைவிடப் பெரிய கேள்வி, "இந்த மருந்தின் அளவு போதுமா, கூட இன்னொன்று சேர்க்க வேண்டுமா" என்பது. மூட்டுநோய் நிபுணரிடம் இதை நேராகக் கேளுங்கள். சல்ஃபாசலசீன், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், லெஃப்ளுனமைட் என்று சேர்க்கக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. குமட்டலுக்கும் வழி இருக்கிறது: ஃபோலிக் அமிலம் ஒழுங்காக எடுக்கிறாரா என்று பார்ப்பது, மாத்திரையை இரவு படுக்கும் முன் சாப்பிடுவது, அதற்கும் அடங்காவிட்டால் ஊசியாக மாற்றுவது. எத்தனையோ பேர் இந்தக் குமட்டலை மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டு, வேறு மருந்தைத் தேடிப் போகிறார்கள். உங்கள் வீட்டிலும் உருண்டையின்மேல் ஆசை வந்தது இந்தக் குமட்டலால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அம்மாவுக்கு வந்திருப்பது முழங்கால் தேய்மானமாக இருந்திருந்தால் நான் இவ்வளவு கறாராகப் பேசமாட்டேன். அதில் மாதக்கணக்கில் காத்திருந்தாலும் பெரிதாக எதுவும் பறிபோகாது. பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலின் 513 படிகளில் எத்தனையாவது படியில் உட்காருகிறார் என்று பார்த்துக்கொண்டே ஒரு மூலிகையை முயன்று பார்க்கலாம். முடக்குவாதத்தில் அந்த அவகாசம் கிடையாது.

மரபு மருத்துவம் வேண்டும் என்று அம்மா மனதார விரும்பினால், அதற்கு நம் நாட்டிலேயே முறையான வாசல் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தின் கீழ் ஆயுர்வேதமும் சித்தமும் ஏற்கப்பட்ட துறைகள். பினாங்கின் கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில் 2007 முதல் பாரம்பரிய மருத்துவப் பிரிவு நடக்கிறது. மருந்து வாங்கினால் உறையில் மால் (MAL) என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா, இலக்கங்களுக்குப் பிறகு பாரம்பரிய மருந்தைக் குறிக்கும் டி (T) எழுத்து வருகிறதா என்று பாருங்கள். அந்த எண் இருந்தால் உலோகமும் கலப்படமும் பார்க்கப்பட்டிருக்கின்றன என்று ஓரளவு நம்பலாம். நோய் தீரும் என்பதற்கு அந்த எண் சாட்சி இல்லை. பழைய வழக்கத்தின் அடிப்படையில்தான் அந்தப் பதிவு கொடுக்கப்படுகிறது.

மருத்துவர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கவில்லை என்பது எனக்கு வருத்தம்தான். அடுத்த முறை போகும்போது இப்படிச் செய்யுங்கள். இன்று முதல் ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தில், அம்மா எழுந்த நேரத்தையும் விரல் முழுதாக மடங்கிய நேரத்தையும் தினமும் எழுதுங்கள். வீக்கம் உள்ள மூட்டுகளை நீங்களே எண்ணி எழுதுங்கள். தேங்காய்ப்பூவைப் பிழிய முடிந்ததா, மைலோ டின்னைத் திறக்க முடிந்ததா, குமட்டல் எந்த நாளில் எத்தனை மணி நேரம் இருந்தது என்பதையும் எழுதுங்கள். மூன்று பொட்டலங்களையும் உறையோடு, சீட்டோடு எடுத்துப் போங்கள். "டாக்டர், இதை நாங்கள் இன்னும் கொடுக்கவில்லை. கொடுக்கக் கூடாது என்றால் அதற்குப் பதிலாக என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லுங்கள்" என்று நோட்டுப் புத்தகத்தை அவர் முன்னால் வையுங்கள். கல்லீரல், சிறுநீரகம், இரத்த அணுக்கள் ஆகிய மூன்று பரிசோதனைகளும் கடைசியாக எந்தத் தேதியில் எடுத்தார்கள் என்றும் கேட்டு, அதே புத்தகத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே அம்மா உங்களுக்குத் தெரியாமல் ஓரிரு உருண்டை விழுங்கியிருந்தால் திட்டாதீர்கள். எந்த நாள், எத்தனை உருண்டை என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு, பத்திரப்படுத்திய மீதியோடு அந்த வாரமே போங்கள். சித்தப்பாவையும் கூட அழைத்துப் போனால் நல்லது.